நின்ற காலில் தேங்குவது

"நரம்பு சுருட்டிக்கிச்சு தம்பி. அந்த நரம்பையே உருவி எடுத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. எடுத்துட்டா கால்ல இருக்கிற ரத்தம் எப்படி மேல வரும்?"

கேட்டவர் கோலார் தங்கவயலின் சாம்பியன் மைன்ஸில் பல வருஷம் கீழே இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, இந்த ஊரின் ஆயிரக்கணக்கானவர்களைப் போல அவரும் பெங்களூருக்கு ரயிலேறி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு நின்றார். சுரங்கத்தில் தாக்குப்பிடித்த கால், வாசலில் நின்று கெட்டது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் உடற்கூறு தேவை.

நான் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உடற்கூறு நடத்துகிறவன். வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெயர்களை மனப்பாடம் செய்வதோடு சரி. டீ வரட்டும், சொல்கிறேன் என்றேன். அண்ணன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் காலை நீட்டினார்.

உட்புறக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள். மெலிந்தவர்களுக்கு அங்கே ஒரு நீல நிறக் குழாய் தட்டுப்படும். நீங்கள் நரம்பு என்று சொல்லும் அதற்கு நீள சஃபீனஸ் சிரை என்று பெயர். பாதத்தின் மேற்புறத்துச் சிரைகள் கூடுமிடத்தில் தொடங்கி, காலின் உட்பக்கமாக ஏறி, முழங்கால் சில்லுக்கு ஒரு கை அகலம் பின்னால் போய், தொடையின் உட்புறம் வழியாகக் கவட்டை வரை வந்து அங்கே உள்ளே மூழ்குகிறது. உடம்பிலேயே மிக நீளமான சிரை இதுதான். இது கணுக்காலில் இடம் மாறுவதே இல்லை. உடம்பு வற்றிப்போய்க் கையில் ஊசி போடக் குழாய் கிடைக்காத நோயாளிக்கு, பழைய டாக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த இடத்தில் தோலைக் கீறி, இந்தச் சிரையைப் பிடித்து சலைன் ஏற்றிவிடுவார்கள்.

இன்னொன்று வெளிப்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தொடங்குகிறது. குட்டை சஃபீனஸ். ஆடுசதையின் நடுவே பின்புறமாக ஏறி, முழங்கால் மடிப்பில் உள்ளே இறங்கிவிடும். இந்த இரண்டும் அவற்றின் கிளைகளும் தோலுக்கடியில், கொழுப்புக்குள் ஓடுகின்றன. சுருட்டிக்கொண்டு புடைப்பவை இவைதான். தாங்கிப் பிடிக்க இவற்றைச் சுற்றித் தசை கிடையாது.

"அப்ப எல்லா ரத்தமும் இதுல தானே போகுது?"

இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் இவை பெரியவையாகத் தோன்றுகின்றன. காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு போவது, தசைகளுக்கு நடுவே எலும்பை ஒட்டி ஓடும் ஆழச் சிரைகளில். முழங்காலுக்குக் கீழே தமனி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்திலும் துணைக்கு ஓடும் சிரைகள் உண்டு. அவையெல்லாம் முழங்கால் மடிப்புக்குப் பின்னால் சேர்ந்து ஒன்றாகி, தொடைச் சிரையாகி, இடுப்புக்குள் போகின்றன. மேல் சிரைகளையும் ஆழச் சிரைகளையும் இணைக்க இடையிடையே குறுக்குக் குழாய்கள் தசை உறையைத் துளைத்துக்கொண்டு போகின்றன. அவற்றில் ரத்தம் ஒரே திசையில், தோல் பக்கமிருந்து உள்ளே மட்டும் போக வேண்டும். அதற்காக உள்ளே வால்வுகள்.

ஆகவே மேல் சிரையை எடுத்துவிட்டால் குடி முழுகிப்போகாது. இதற்கு இதய அறுவையை விடப் பெரிய சாட்சி வேண்டாம். பைபாஸ் செய்தவர்களின் காலைப் பாருங்கள், உட்புறமாக நீளத் தழும்பு இருக்கும். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் வேலை பார்த்த அர்ஜென்டினக்காரர் ரெனே ஃபவலோரோ 1967-ல் இந்தச் சிரையை எடுத்து இதயத்தின் அடைபட்ட தமனிக்கு மாற்றுப்பாதை போட்டார். இந்தியாவில் அதை முதலில் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், 1975-ல், டாக்டர் கே.எம். செரியன். காலிலிருந்து எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். உள்ளிருக்கும் வால்வுகள் அப்போதுதான் ரத்தத்தைத் தடுக்காது. காலை இழந்தவர் அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். இல்லையில்லை, சிரையை இழந்தவர்! டீ மாஸ்டர் சிரித்ததில் என் நாக்குப் புரண்டது தெரிந்தது.

வால்வு என்றேன். அதுதான் மொத்தக் கதையும். 1603-ல் இத்தாலியின் படுவா நகரில் ஃபப்ரிசியஸ் என்ற ஆசிரியர் சிரைகளுக்குள் இருக்கும் இந்தச் சின்ன மடிப்புகளைப் படம் போட்டு வெளியிட்டார். எதற்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ரத்தம் கீழே மிகையாகப் பாயாமல் தடுக்க என்று நினைத்தார். அவரிடம் படித்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் ஹார்வி, ரத்தம் இதயத்துக்குத் திரும்பவே இந்த வால்வுகள் என்று கண்டுகொண்டு, 1628-ல் ரத்தச் சுற்றோட்டத்தைப் பற்றித் தன் நூலில் எழுதினார். கையைக் கட்டி, புடைத்த சிரையில் விரலால் ரத்தத்தை மேலே தள்ளி, கீழே திரும்பி வராததைக் காட்டினார். டீக்கடையிலேயே செய்து பார்க்கலாம், செலவில்லை.

சரி, வால்வு திரும்பி வராமல் தடுக்கும். மேலே தள்ளுவது யார்? இதயம் காலுக்கு ரத்தத்தை அனுப்பும்போது இருந்த அழுத்தம், நுண்குழாய்களைக் கடந்து சிரைக்கு வரும்போது ஏறக்குறைய தீர்ந்துவிடும். நின்றுகொண்டிருப்பவருக்கு நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை நாலடிக்குக் கிட்ட உயரம். அந்த நாலடி ரத்தத்தின் எடை முழுக்கக் கணுக்காலில் இறங்குகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரச அழுத்தம். நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே 30-க்கும் கீழே இறங்கிவிடும்.

இதை அண்ணனுக்கு நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. 10,000 அடிக்கும் கீழே போன சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அடியில் ஊறும் தண்ணீரை ஒரே மூச்சில் மேலே தள்ள எந்த பம்புக்கும் தெம்பு கிடையாது. ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துத் தொட்டிக்கு, அங்கிருந்து அதற்கும் மேலே என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். திரும்பி இறங்காமல் ஒவ்வொரு இடத்திலும் வால்வு. காலிலும் அப்படியே. ஆடுசதை இறுகும்போது உள்ளே இருக்கும் சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் ஒரு வால்வைத் தாண்டி ஏறுகிறது. தளரும்போது தோல் பக்கமிருந்தும் பாதத்திலிருந்தும் புது ரத்தம் உள்ளே வந்து நிரம்புகிறது. ஆடுசதையின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசைக்குள் அகன்ற சிரைத் தொட்டிகளே இருக்கின்றன. பாதத்தை ஊன்றும்போது உள்ளங்காலில் இருக்கும் சிரைகளும் பிழியப்படும். மைன்ஸை மூடி, பம்புகளை நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? தண்ணீர் மட்டம் மட்டமாக ஏறி உள்ளே நிரம்பிவிட்டது.

"அதான், செக்யூரிட்டி வேலையில பம்பு நின்னு போச்சு" என்றார் அண்ணன்.

அதேதான். சுரங்கத்தில் உழைத்த உழைப்பு வேறு எதையெல்லாமோ கெடுத்தது. கல் தூசி நுரையீரலைத் தின்றது. ஆனால் நடப்பதும் ஏறுவதும் தோண்டுவதுமாக இருந்த கால்களுக்கு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அசையாமல் நிற்பது வேறு. அணிவகுப்பில் விறைத்து நிற்கும் போலீஸ்காரர் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஒரு காரணம். அசையாத கால்களில் ரத்தம் தங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடுவது இன்னொரு காரணம்.

ஒரு வால்வு கசிந்தால் அதற்குக் கீழே உள்ள சிரை கூடுதல் பாரத்தைத் தாங்கி அகலும். அகன்றால் அங்கிருக்கும் வால்வின் இரண்டு மடிப்புகளும் ஒன்றையொன்று தொடாமல் விலகும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வரை போகும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் பருமன், வயது, நிற்கும் வேலை எல்லாம் இதில் கூட்டு. குறுக்குக் குழாய்களின் வால்வும் போனால், ஆடுசதை பிழியும் ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ரத்தம் தோலை நோக்கிப் பீய்ச்சும். அதன் பலன் உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே தெரியும். முதலில் அரிப்பு, பிறகு கருப்பாகவும் செம்பழுப்பாகவும் தோல் மாறும். சிவப்பணுக்கள் கசிந்து உடைந்து விட்டுச்செல்லும் இரும்பின் நிறம் அது. கடைசியில் ஆறாத புண். இதைக் 'கெட்ட ரத்தம்' என்று சொல்லிக் கீறி வெளியேற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரத்தம் கெடவே இல்லை, அது போக வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. அந்தப் புண்ணுக்கு எத்தனை களிம்பு தடவினாலும், கீழிருந்து மேலாக அழுத்தக் கட்டு போட்டு அழுத்தத்தைக் குறைக்காதவரை மூடாது.

டீ மாஸ்டர் இதுவரை வேலையை விடாமல் எங்கள் பக்கம் காதை வைத்திருந்தார். இப்போது ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். விடியற்காலை முதல் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர் அவர்.

"அப்ப நான் தைரியமா ஆபரேஷன் பண்ணிக்கலாமா தம்பி?"

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் காலில் எப்போதாவது பெரிய அடி பட்டதா?

பட்டிருக்கிறது. ஏர் பிளாஸ்ட்டில் பாறை சரிந்து கால் முறிந்து, மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்திருக்கிறார். கோலாரில் பாறை தானாக வெடிக்கும் அந்தக் கொடுமையை அறியாத குடும்பம் இங்கே ஏது. கால் பிழைத்தது என்று அன்று சந்தோஷப்பட்டார்கள். சரிதான். ஆனால் எலும்பு முறிந்து அசையாமல் கிடக்கும் காலில், ஆழச் சிரைக்குள் ரத்தம் உறையலாம். சிரையின் உட்சுவர் நசுங்கியிருக்கிறது, ஓட்டம் நின்றிருக்கிறது, காயம்பட்ட உடம்பில் ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கிறது. உறைகட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிரே போகும். போகாமல் அங்கேயே தங்கினால், கரைகிற போக்கில் வால்வுகளைத் தழும்பாக்கிவிடும். சில நேரம் ஆழச் சிரை பாதி அடைபட்டே நின்றுவிடும்.

அப்படி அடைபட்ட காலில் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் சிரைதான் மாற்றுப்பாதை. அதை எடுத்தால் இருக்கிற வழியையும் மூடியதாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் துணிக்கட்டு வைத்துச் சோதித்தார்கள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் பெர்தெஸ் பெயரால் வழங்கும் அந்தச் சோதனை இன்றும் தேர்வில் கேட்கப்படுகிறது. இன்றைக்கு டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. ஆழச் சிரை திறந்திருக்கிறதா, எந்த வால்வில் ரத்தம் பின்வாங்குகிறது என்பதை அது காட்டிவிடும். அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: டாக்டரிடம் பழைய முறிவைச் சொல்லுங்கள், "ஆழத்துல இருக்கிற சிரை தொறந்திருக்கா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். திறந்திருந்தால் பயமில்லை. இப்போதெல்லாம் உருவி எடுப்பதைவிட லேசரிலோ ரேடியோ அலையிலோ சூடாக்கி உள்ளேயே மூடிவிடுவதுதான் அதிகம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வரலாம்.

இரண்டாவது டீ வந்தது. அண்ணன் சர்க்கரை வேண்டாம் என்றார், பிறகு கொஞ்சம் போடு என்றார்.

இதுவரை பேசியது ரத்தம். காலிலிருந்து மேலே போவது அது மட்டும் கிடையாது. நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரும் புரதமும் முழுதாக ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. மிச்சத்தை வாரிக்கொண்டு போவது நிணநீர் நாளங்கள். இவை நிறமற்றவை, நூலை விட மெல்லியவை, அறுத்துப் பார்த்தாலும் கண்ணில் படாதவை. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் கின்மன்த் 1950-களின் தொடக்கத்தில் பாதத்தில் தோலுக்கடியில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றி, சாயம் ஏறிய நாளத்தைப் பிடித்து அதற்குள் எக்ஸ்ரே மருந்தைச் செலுத்திப் படமெடுத்தார். அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவரின் காலில் நிணநீர் போகும் வழியைச் சரியாகப் பார்க்க முடிந்தது.

வழி சிரைகளின் வழிதான். கட்டைவிரல், பாதத்தின் உட்பக்கம், காலின் முன்பக்கம் ஆகியவற்றின் நிணநீர் நீள சஃபீனஸ் கூடவே ஏறி நேரே கவட்டையில் உள்ள கணுக்களுக்குப் போகிறது. குதிகாலின் வெளிப்பக்கமும் ஆடுசதையின் பின்பக்கமும் குட்டை சஃபீனஸைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மடிப்பில் உள்ள கணுக்களில் முதலில் நின்று, பிறகு தொடையின் உள்ளே ஏறுகின்றன. காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் அம்மா கவட்டையைத் தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பார்களே, அதுதான் இந்தக் கணு. கால் கட்டைவிரலில் காயம், வீக்கம் கவட்டையில். அம்மாக்கள் பாடம் படிக்காமலே நிணநீர் வழியைத் தெரிந்துவைத்திருந்தார்கள். 1898-ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபோது பலருக்குக் கவட்டையில்தான் கட்டி கிளம்பியது. பிளேக்கைப் பரப்பும், தரையில் துள்ளும் தெள்ளுப்பூச்சிக்கு முதலில் எட்டுவது கால்.

ஆனால் கவட்டையில் நெறி கட்டினால் காலை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. பிட்டம், தொப்புளுக்குக் கீழே வயிற்றின் தோல், பிறப்புறுப்பின் தோல், ஆசனவாய் ஆகியவற்றின் நிணநீரும் அங்கேதான் வருகிறது. விதைப்பைத் தோலின் நிணநீர் கவட்டைக்கு வர, உள்ளே இருக்கும் விதையின் நிணநீர் வயிற்றுக்குள் பெருந்தமனியின் பக்கத்துக் கணுக்களுக்குப் போய்விடும். கருவில் விதை வயிற்றிலிருந்து இறங்கி வந்தது என்பதற்கு இது மிச்சமிருக்கும் தடயம். புற்றுநோய் மருத்துவர்களுக்கு இந்த வேறுபாடு சோறு போடும் அறிவு.

கவட்டையிலிருந்து இடுப்பு, அங்கிருந்து முதுகெலும்பின் முன்பக்கம், பிறகு நெஞ்சு வழியாகப் போகும் ஒரு பொதுக்குழாய். அது கடைசியில் கழுத்தின் இடது அடிப்பக்கத்தில் சிரைக்குள் திறக்கிறது. வலது கால் கட்டைவிரலில் தொடங்கிய நிணநீரும் இடது கழுத்தில்தான் போய்ச் சேர்கிறது. இதற்கு இதயம் கிடையாது. நாளங்களின் சுவரே நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கித் தள்ளும். தசை அசைவும் மூச்சும் துணைக்கு வரும்.

இந்த நாளங்கள் அடைபட்டால் வருவது யானைக்கால். கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு குடியிருப்பது நிணநீர் நாளங்களுக்குள். அதன் குஞ்சுகளை மனித ரத்தத்தில் 1872-ல் கல்கத்தாவில் கண்டு சொன்னவர் திமத்தி லூயிஸ் என்ற ராணுவ மருத்துவர். சாக்கடைத் தண்ணீர் தேங்கும் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க் கடத்திகள் ஆராய்ச்சி மையம் இதில் நெடுங்காலம் உழைத்தது. ஊரோடு ஒரே நாளில் மாத்திரை விழுங்க வைக்கும் திட்டத்தால் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். ஏற்கெனவே வீங்கிய காலுக்கோ சோப்பும் தண்ணீரும்தான் முதல் மருந்து. விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் கிருமி உள்ளே நுழையும், குளிர்காய்ச்சல் வரும், ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தை ஒரு படி கூட்டும். கழுவி, இடுக்கெல்லாம் துடைத்துக் காயவைத்தால் இந்தச் சுழல் அறுபடும். புழு மட்டும் காரணமில்லை. புற்றுநோய்க்காகக் கவட்டைக் கணுக்களை எடுத்தவர்களுக்கும், கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும் இதே வீக்கம் வரலாம்.

சிரை வீக்கமா நிணநீர் வீக்கமா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். தூக்க வந்தால் பெரும்பாலும் நிணநீர்க் கோளாறு இல்லை. தடித்துப்போய்ப் பிடிக்கே வராவிட்டால் அதைச் சந்தேகிக்கலாம். இரண்டு காலும் சமமாக வீங்கி, அமுக்கினால் குழி விழுந்தால், காலை விட்டுவிட்டு இதயம், சிறுநீரகம், ஈரல் பக்கம் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரைகூடச் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கால் திடீரென வீங்கி, ஆடுசதை வலித்து, சூடாக இருந்தால் தைலம் தேய்த்துப் பிசைவது ஆபத்து. அது உறைகட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் பயந்துபோய்த் தொடையில் கயிறு கட்டாதீர்கள், கசிவு கூடத்தான் செய்யும். ஆளைப் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேல் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நாலடி உயரத்தின் எடை இறங்கிவிட்டதல்லவா.

அழுத்தக் காலுறை வாங்குகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பல வருஷம் பீடி பிடித்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் முதலில் கால் தமனியில் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிற ரத்தமே குறைவாக இருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் விரல் கருத்துவிடும்.

அண்ணனின் மருமகள் பெங்களூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயிலை சாம்பியன் ஸ்டேஷனில் பிடித்து, இடம் கிடைக்காத நாளில் பங்காருப்பேட்டை தாண்டியும் நின்றுகொண்டே போய், கடையிலும் நின்று, திரும்பும்போதும் நிற்கிறார். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழைவதில்லை. ரயிலில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள் என்றேன், வீட்டுக்கு வந்ததும் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்கவும். ஆனால் நாள் முழுக்க அசையாமல் நிறுத்திவைக்கும் வேலைக்குக் குதிகால் பயிற்சி ஈடாகாது. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடியதன் பேரில், 2018-ல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. துணி எடுக்கப் போகிறவர்கள், விற்கும் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பக்கத்தில் ஸ்டூல் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.